இரண்டு சுற்று, அப்புறம் இறக்கம்

சலேத்தின் நெஞ்சுக்குள் பாட்டு ஓட ஆரம்பித்த அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வந்திருந்தது, ஆகவே முதலில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. குடங்களும் சண்டையும் ஓய்ந்து தெரு அடங்கிய பிறகுதான், பெரிய ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியாப் பாத்துக்கோங்க' என்று சொல்லி அனுப்பப்பட்டு வாரக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவள் எழுந்து வந்து வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து சாளை மீன் அலசுவதையும், அவள் சேலைக்குள்ளிருந்து டிங்கு டிங்கு என்று ஒரு சின்ன மெட்டு வருவதையும், அந்த மெட்டுக்கு ஏற்றபடி அவள் கத்தி செதிளைச் சீவுவதையும் எதிர்த்த வீட்டு லூர்தம்மாள் பார்த்தாள்.

"ஏட்டி சலேத்து, ஒன் செல்லு அடிக்கு. எடுக்கலியா?"

"செல்லு இல்ல மைனி. நான்தான்," என்றாள் சலேத்து, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லூர்தம்மாள் வந்து அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள், ஆமாம் அவள்தான் என்று உறுதி செய்துகொண்டாள், இரண்டு மீனைக் கடனாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லூர்தம்மாளுக்கு அடுத்த வீடு எங்களுடையது, கீழே பலசரக்குக் கடை, மேலே குடித்தனம். கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் முழுதாக வந்து சேர்ந்தது.

சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் சலேத்தின் இதயத்தில் ஒரு வால்வுக் கதவை அரித்துவிட்டிருந்தது. அதனால் பிள்ளை பெறக் கூடாது என்றார்கள், பிறகு மாடிப்படி ஏறக் கூடாது என்றார்கள், கடைசியில் எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் கனகவேல், தூத்துக்குடியில் பாதிப் பேருடைய தொண்டையையும் வயிற்றையும் அறிந்தவர், வந்து குழாயை வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார், முதுகில் வைத்தார், பிறகு குழாயைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மழை வரும் என்று சொல்லுகிற குரலில் சொன்னார். "துடிப்பு இல்ல. பாட்டுதான் இருக்கு. பாட்டுதான் ரத்தத்தத் தள்ளுது. இது ஓடுற வரைக்கும் இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நின்னா நின்னதுதான். யாரும் போட்டு நோண்டாதீங்க."

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பிழைத்துக்கொண்டாள் என்றால் பிழைத்துக்கொண்டாள், எதனால் என்று கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது.

ஆனால் அவள் புருஷன் டென்சிங் துறைமுகத்தில் கிரேன் வேலை முடிந்து வந்து வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று அழுதானே, அந்த அழுகையில் பாதிதான் பெண்டாட்டிக்காக. மீதிப் பாதி எதற்கு என்று எங்களுக்கு விளங்க ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் கூட்டாளிகள் வருகிற நாள்.

டென்சிங் இளந்தாரியாக இருந்தபோது அதே வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். நான்கு போர்ட்டபிள் டிவி, கயிறு போல முறுக்கிக் கிடக்கும் ஒயர்கள், ஊதி ஊதிப் போட வேண்டிய கேசட்டுகள். பக்கத்துத் தெருவிலிருந்து சலேத்து தன் தம்பிகளைச் சாப்பிடக் கூப்பிட வருவாள், பெண்பிள்ளை உள்ளே நுழையக் கூடாது என்பதால் வாசலில் நிற்பாள், தம்பிகளோ இந்தா வாறோம் இந்தா வாறோம் என்று சொல்லி வரமாட்டார்கள். திரையை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பாள், அப்படி நின்று நின்றுதான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது.

அந்தக் கடையில் ஒரு மஞ்சள் கேசட் இருந்தது. மேலே ஒட்டியிருந்த படத்தில் ஓட்டப்பந்தயக் கார், உள்ளே இருந்ததோ குடை பிடித்த ஒரு குள்ளன் வெள்ளைக் குவியல்களைத் தாண்டித் தாண்டிப் போகிற ஆட்டம். உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைக் குவியல் என்றால் அது உப்பு, ஆகவே ஆட்டத்துக்கு உப்புக்காரன் என்று பெயர் வந்தது. அதன் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, செய்தவர் யார் என்று தெரியாது, அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் என்று இந்த ஊரைத் தாண்டி ஒருவனும் அகப்படவில்லை. ஊருக்குள் வெள்ளம் வந்த வருடம் கேசட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ரப்பரால் தேய்த்தார்கள், பெட்ரோலில் துடைத்தார்கள், மூச்சு முட்ட ஊதினார்கள். திரை வெள்ளையாகவே நின்றது. உப்புக்காரனும் அவன் பாட்டும் உலகத்திலிருந்து போய்விட்டார்கள்.

கடை போன பிறகும் டென்சிங்கையும் டிவி மெக்கானிக் கொம்பையாவையும் செல்போன் கடை பரக்கத்தையும் அந்தப் பைத்தியம் விடவில்லை. முடி நரைத்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு பழைய ஆட்டங்களின் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அந்தப் பாட்டுகளில் இரண்டு குரல் பாடுமாம், ஒரு குரல் அடியில் உறுமுமாம், நாலாவது குரல் முறத்தில் மணலைப் புடைக்கிற மாதிரி இரையுமாம், நாலும் தனித்தனியாகக் காதில் விழுகிறவன்தான் மனுஷனாம். பிரேசிலிலும் ஜப்பானிலும் இதே பைத்தியம் பிடித்தவர்கள் இருந்தார்கள், அவர்களோடு இவர்கள் இன்டர்நெட்டில் எழுதிச் சண்டை போட்டார்கள், உங்கள் ஊர் கேம் பெட்டியில் பாட்டு வேகமாக ஓடுகிறது என்று ஒருத்தன் குறை சொன்னதற்கு, எங்கள் ஊரில் பிள்ளைகள் வளர்ந்த வேகம் இதுதான் என்று கொம்பையா பதில் எழுதினார்.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பெட்டிக்குள் ஓடுகிற பாட்டுக்கு முடிவு கிடையாது, கடைசிக்கு வந்ததும் முதலுக்குத் திரும்பிப் போகும், ஆடுகிறவன் சாகிற வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கிற பாட்டு எங்காவது முடியத்தானே வேண்டும். அதனால் இரண்டு சுற்று ஓட விடுவார்கள், இரண்டாவது சுற்று முடிந்து மூன்றாவது தொடங்குகிற இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இறக்கி விடுவது. மூன்று சுற்று வேண்டும் என்று பரக்கத் ஒரு தடவை வாதாடி, இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

"ரெண்டு போதும்ல," என்றான் டென்சிங். "ஒண்ணு போட்டா திரும்பி வரும்னு கேக்கவனுக்குத் தெரியாது. ரெண்டு போட்டா தெரிஞ்சுரும். அப்புறம் வெடுக்குனு நிப்பாட்டக் கூடாது, தூங்குத பிள்ளையக் கீழ கிடத்துத மாதிரி மெள்ள இறக்கி விடணும்."

சலேத்து அவர்களுக்குத் தேநீர் கொண்டு வைத்துவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பாள், வாசலில் நின்று கேட்டுப் பழகினவள்தானே.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். முதல் குரல், இரண்டாம் குரல், அடியில் உறுமல், மணல் இரைச்சல், எல்லாம் அப்படியே இருந்தன. கொம்பையா எழுந்து வெளியே வந்து எங்கள் கடையில் ஒரு சோடா வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உப்புக்காரன் திரும்பி வந்துட்டான் அண்ணாச்சி," என்றார் என்னிடம். "ஒரு சொட்டு குறையாம வந்துட்டான்."

பெண்டாட்டிக்கு உயிர் வந்ததைவிட பாட்டு வந்ததுதான் இவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று என்று தெரு முணுமுணுத்தது. முணுமுணுத்தாலும் தெரு சும்மா இருக்கவில்லை, அதற்கும் அந்தப் பாட்டு வேண்டியதாயிற்று. நாள் பூராவும் ஒரே மெட்டு, மண்டை காய்கிறது என்று பஞ்சாயத்து வைத்த லூர்தம்மாள், சலேத்து, மணப்பாடு கிராமத்துக்குக் குடிபோயிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போன அன்று மத்தியானம் தூக்கம் வராமல் தெருவில் அலைந்தாள். முட்டை வேக இத்தனை பாட்டு, சோறு வடிக்க இத்தனை பாட்டு என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் தாண்டிக் குதித்துப் போனார்கள். சினிமாப் பாட்டு வருமா என்று கேட்டு வெளித்தெருவிலிருந்து ஆட்டோவில் வந்தவர்களை நாங்களே திட்டி அனுப்பினோம். பெரிய வெள்ளியன்று கோயிலில் மணியோ இசையோ கூடாது, மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரத்தட்டை மட்டும்தான் என்பதால் சலேத்து வரலாமா என்று கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடி இரண்டு மணி நேரம் பேசி, அவள் வாத்தியம் அல்ல, பங்கைச் சேர்ந்த ஆத்துமா என்று முடிவெடுத்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். சாவு வீடுகளுக்கு அவள் தானாகவே போகவில்லை. பாட்டு கொஞ்சம் துள்ளலானது, அழுகிற இடத்தில் பொருந்தாது.

நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், ஒட்டிக்கொள்ளுமோ என்று. ஒட்டிக்கொள்ளவில்லை. நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய் அவரவர் நேரத்துக்குச் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

டென்சிங்கின் சந்தோஷம் வெகு சீக்கிரம் பயமாகிவிட்டது. ஒரு தடவை கைவிட்டுப் போன பாட்டு இது, கேசட்டில் இருந்தபோதே காப்பாற்ற முடியவில்லை, இப்போது இருப்பதோ சதையில். பாட்டு நின்றால் அவள் போவாள், அவள் போனால் பாட்டு போகும், இந்த இரண்டையும் அவனால் பிரித்து நினைக்க முடியவில்லை. அரைமணிக்கொரு தரம் காதை வைத்துப் பார்த்தான். கிரேனின் மேலே உட்கார்ந்துகொண்டு போன் போட்டு, போனை நெஞ்சில் வை என்றான். பாட்டை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, வைத்த பொருள் போகாது என்று அவனுக்குள் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் அறிந்த காப்பாற்றல் அது ஒன்றுதான்.

"நல்லா ஓடுத வண்டிய எதுக்குய்யா பிரிச்சுப் பாக்கிய?" என்றாள் லூர்தம்மாள். "டாக்டரு நோண்டாதியன்னுதான சொன்னாவ?"

"பிரிக்கலியே மைனி. கேட்டு எழுதிக்கிடப் போறோம், அவ்வளவுதான்."

சலேத்துதான் முடித்து வைத்தாள். "எடுத்துக்கிடட்டும் மைனி. இவிய பாதித் தூக்கத்துல எந்திச்சு எந்திச்சு எம்மேல காத வைக்காவ. எடுத்து வச்சுட்டாவது நிம்மதியா வேலைக்குப் போவாவல்ல."

பாட்டை எடுக்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெரு இருந்த அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னால் வந்தது வேறு அமைதி. மின்விசிறிகளை நிறுத்தினோம், மிக்ஸி ஓடவில்லை, ஐஸ் பிளாண்ட்காரர் எங்களுக்காக மோட்டாரை அணைத்தார், தெருவின் இரண்டு முனையிலும் ஆள் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள், கைக்குழந்தைகளை எல்லாம் மாதா கோயில் வளாகத்துக்குத் தூக்கிப் போனார்கள். காக்கைகளுக்கு என்ன செய்வது என்று யோசித்து, மீன் தலைகளைக் கூடை கூடையாகக் கடற்கரையில் கொண்டு கொட்டினோம், காக்கை அத்தனையும் அங்கே போயிற்று. வியர்வை ஊற்ற ஊற்ற அவரவர் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பஞ்சு சுற்றிய மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சலேத்து நாற்காலியில் இருந்தாள், அவள் பாட்டு தெரு முழுக்க ஒரே சீராக, தெளிவாக, சுற்றிச் சுற்றி வந்தது. எங்களுக்கே அப்போதுதான் அது எவ்வளவு அழகான பாட்டு என்று தெரிந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மூன்று ஞாயிறுகள் அதைச் சுத்தம் செய்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டதை எடுத்தார்கள். அவள் மூச்சு குறுக்கே விழுகிறது என்று மூச்சை எடுத்தார்கள். பாட்டு மட்டும் மிஞ்சியது. இரண்டு சுற்று ஓடவிட்டார்கள். பிறகு டென்சிங்கின் கை, எத்தனையோ வருடமாக எத்தனையோ பாட்டுகளுக்குச் செய்து பழகிய கை, தானாகப் போய் மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் சத்தத்தைப் பிடித்து மெள்ள, மிக அழகாக, ஒன்றுமில்லாமல் இறக்கி விட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பாட்டு என்றால் அப்படித்தானே முடியும்.

உலகத்தில் யாரிடமும் இல்லாத பாட்டை அவர்கள் உலகத்துக்கு அனுப்பினார்கள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் நன்றி எழுதினார்கள், இதை ஆயிரம் இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறோம், இனி எந்த வெள்ளமும் இதைத் தொட முடியாது என்று எழுதினார்கள். டென்சிங் அன்று நிம்மதியாகத் தூங்கினான். சலேத்து எங்கள் கடைக்கு வந்து சர்க்கரை வாங்கிப் பாயசம் வைத்துத் தெருவுக்குக் கொடுத்தாள்.

முதலில் கண்டுபிடித்தது லூர்தம்மாள்தான். "ஏட்டி, சன்னல அடைச்சுட்டுப் படுக்கியா? ஒன் சத்தத்தக் காணும்," என்று வந்து கேட்டாள். சன்னல் திறந்துதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து தெருவைக் கடந்து எங்கள் கடை வரை வந்துகொண்டிருந்த பாட்டு நடுத்தெருவோடு நின்றுகொண்டது. முட்டை வேகவைக்கிறவர்கள் அவள் வாசலுக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. கனகவேல் வந்து குழாயை வைத்தார். மெட்டு மாறவில்லை, தாளம் தவறவில்லை, சத்தம் மட்டும் குறைகிறது என்றார். சத்தம் குறையக் குறைய அவள் கால் வீங்கியது, பேசினால் இளைத்தது.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள், ஈரமா, உப்புக்காற்றா, மைக்கில் ஏதாவது மின்சாரம் பாய்ந்துவிட்டதா என்று. சலேத்து தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏங்க, என்னையும் இறக்கி வுட்டுட்டியளோ?"

பரக்கத் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பாட்டின் சத்தம் ஏறி இறங்குகிற படத்தைக் காட்டினான். அடர்த்தியான பட்டையாக ஓடி, கடைசியில் படகு இறக்குகிற சரிவு மாதிரி சாய்ந்து ஒரு கோடாகி முடிந்திருந்தது. சலேத்து குனிந்து பார்த்தாள். "இதுல நான் இப்ப எங்கன இருக்கேன்?" என்றாள். பரக்கத் சரிவின் மேல் விரலை வைக்கப் போனான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். டென்சிங் எழுந்து வாசலுக்குப் போய்த் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டதை லூர்தம்மாள் மாடியிலிருந்து பார்த்தாள், ஓடிவந்து இழுத்துப் பிடித்தாள்.

செய்யக் கூடியதை எல்லாம் செய்தார்கள். முடிவே இல்லாமல் சுற்றுகிற மாதிரி பாட்டை மறுபடி எடுத்து இரவும் பகலும் அவள் பக்கத்தில் ஓடவிட்டார்கள், அது பாட்டுக்கு ஓடியது, இவளுடையது தன் பாட்டுக்கு இறங்கியது. அனுப்பியதை அழித்துவிடுங்கள் என்று உலகத்துக்கு எழுதினார்கள். சிலர் அழித்தோம் என்று எழுதினார்கள், சிலர் எதற்கு என்று கேட்டார்கள், உயிர் விஷயம் என்று சொன்னதும் நம்பாமல் போனார்கள். ஒருத்தன் மட்டும் மரியாதையாக, ஒரு தடவை காப்பாற்றப்பட்ட பொருளை நாங்கள் அழிப்பதில்லை, நீங்களும் அழிக்க மாட்டீர்கள், உங்களுக்கே தெரியும் என்று எழுதினான். டென்சிங்குக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் வேறு எவனோ கெஞ்சியபோது இவனும் அதையேதான் எழுதியிருந்தான்.

கொம்பையா ஒரு வாரம் கடையை அடைத்துவிட்டு, பழைய கேசட் ஒன்றைப் பிரித்துப் புதுச் சில்லு வைத்து, உப்புக்காரன் பாட்டை முடிவில்லாமல் அதில் ஏற்றி, சின்னப் பாட்டரியோடு மாதா படம் கோத்துக் கழுத்தில் போடுகிற உத்தரியம் மாதிரி கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டார். அது கணீரென்று பாடியது. தெருவில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டோம், திரும்பிவிட்டது என்று. சலேத்து கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டுக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லாத்தான் பாடுது அண்ணே. இது சத்தத்துல என்னுது கேக்க மாட்டேங்கு," என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே வேலைதான் இருந்தது, சத்தம் போடாமல் இருப்பது. யாரும் சொல்லாமலே தெரு குரலைத் தாழ்த்திக்கொண்டது. தண்ணீர்க் குடங்களுக்கு அடியில் துணி விரித்தார்கள். மீன்காரி கூவாமல் வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று பங்குப் பேரவை ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தது. பிள்ளைகளை அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள், அழுதால் கேட்குமே. இப்படி எல்லாம் செய்தும் ஒவ்வொருவராக அவளைத் தவறவிட்டோம். வயதானவர்கள் முதலில், பிறகு ஆலையில் வேலை பார்த்துக் காது போனவர்கள், பிறகு நான். ஒரு சாயங்காலம் அவள் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன், கேட்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச நாள் கேட்டது. அதன் பிறகு அந்த மூன்று பேருக்கு மட்டும். அதன் பிறகு டென்சிங்குக்கு மட்டும்.

அவன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். அவளுக்குக் கஞ்சி ஊட்டி, காலைப் பிடித்துவிட்டு, நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். "இன்னிக்கு எப்படி இருக்கேன்?" என்று அவள் கேட்பாள். "நாலு கொரலும் இருக்கு," என்பான். ஒரு நாள் மூன்று என்றான். மணல் இரைச்சல் போய்விட்டிருந்தது. அதைக் கேட்டு அவள் சிரித்தாள், அது இல்லாததும் நல்லதுதான், எப்பவும் கரகரன்னு கிடந்துச்சு என்றாள்.

சலேத்து கண் திறக்காமல் போன காலையில் டாக்டர் வந்தார், குழாயை வைத்தார், எடுத்தார். "எனக்குக் கேக்கல," என்றார். "ஆனா எனக்குக் கேக்காம இருந்து ரொம்ப நாளாச்சு. நின்னுருச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" மூச்சு இருந்ததா என்று பார்த்தோம், அது இருந்த காலத்திலேயே தெரியாத அளவுக்குத்தான் இருந்தது. சாவு மணி அடிக்கிற கோயில் பிள்ளை, உயிர் போன நேரம் கேட்டு வந்து நின்றார். வெடுக்கென்று நின்றிருந்தால் இன்ன நேரம் என்று சொல்லலாம், இதற்கு என்ன நேரம் சொல்வது. டென்சிங் அவள் நெஞ்சிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் கேக்கு," என்றான்.

மணப்பாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சவப்பெட்டி வந்து சுவரோரம் சாய்ந்து நின்றது. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் ஒப்பாரி வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஐஸ் பிளாண்ட்காரர் பாளம் பாளமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். மறுநாளும் அவன் இன்னும் கேக்கு என்றான். பரக்கத் மைக்கைக் கொண்டுவந்து வைத்து, கம்ப்யூட்டரைப் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, இது மெஷினோட இரைச்சல்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"இரைச்சலுக்குக் கீழ இருக்கு," என்றான் டென்சிங்.

வெயில் ஏறியது. ஐஸ் உருகி வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தது, மணலை நனைத்தது. வாடை வந்துவிட்டதை எல்லோரும் அறிந்தோம், எல்லோரும் வேறு எங்கோ பார்த்தோம். கடைசியில் லூர்தம்மாள்தான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கையை வைத்தாள்.

"எய்யா, அவ மொகத்தப் பாரு. ஈ வருது. இதுக்கு மேல வச்சுருந்தா அவளுக்குத்தான் கேவலம். எங்க யாருக்கும் காது இல்ல, நீ சொன்னாத்தான் தூக்க முடியும். நீ சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி காதை வைத்தான். தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது, பாட்டை எடுத்த ஞாயிற்றுக்கிழமை போலவே, ஆனால் இந்தத் தடவை எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கோயில் பிள்ளையைப் பார்த்து, "நின்னுட்டு. இப்பத்தான்," என்றான்.

மணி அடிக்க ஆள் ஓடியது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து பெண்கள் ஓவென்று அழுதார்கள், நாங்கள் அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தோம். டென்சிங் தலைமாட்டில் நின்று அவள் முடியை ஒதுக்கிவிட்டான். முகம் கல்லாக இருந்தது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் கீழே குனிந்தபோதுதான் அவன் காலைப் பார்த்தேன். ஈர மணலில் அவன் வலது கால் பெருவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, சீராக, தப்பாமல், கடைசிக்கு வந்ததும் முதலுக்குத் திரும்பிப் போய். கொம்பையா பார்த்தார். பரக்கத்தும் பார்த்தான். லூர்தம்மாள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூடியை எடுத்து வைத்தோம்.